தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே ஒரு குடைச்சல்: மேசை வேலைக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை | மார்ச் 3, இரவு 10.40

வணக்கம். வயது 44, கணக்கு வேலை. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் திரை முன்னால்தான் பிழைப்பு.

இரண்டு வருடமாக வலது தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் என் உயிரை வாங்குகிறது. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. பதினொரு மணி வாக்கில் யாரோ அங்கே மெல்ல விரலை வைத்த மாதிரி இருக்கும். மூன்று மணிக்கு அந்த விரல் திருப்புளி ஆகிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவு நிலையின் விளிம்பில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பேன், மாடு மரத்தில் உரசுகிற மாதிரி. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

செய்து பார்த்தவை: புது நாற்காலி, முதுகுக்குத் தலையணை, ஸ்பிரே, பிளாஸ்டர், தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பெல்ட், மசாஜ். மசாஜ் செய்தால் இரண்டு நாள் சுகம், அவ்வளவுதான். இரண்டு வாரம் விடுமுறையில் போனபோது சுத்தமாக மறந்தே போனது. திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்த இரண்டாம் நாள் ஆஜர்.

எக்ஸ்ரே எடுத்ததில் கழுத்து எலும்பில் 'தேய்மானம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் படித்ததிலிருந்து வலி இன்னும் ஜாஸ்தியான மாதிரி இருக்கிறது. இதோடு எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்? தீருமா, இல்லை இதுதான் இனி வாழ்க்கையா?

ராக்கோழி | மார்ச் 3, இரவு 11.58

கதவு நிலைச் சங்கத்தில் நானும் உறுப்பினர், அண்ணே. எனக்கு இடது பக்கம். பதில் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் (கூனிக்கொண்டுதான்).

நேர்முதுகு | மார்ச் 4, காலை 6.15

காரணம் ஒன்றே ஒன்றுதான்: தப்பாக உட்காருவது. இடுப்பு 90 டிகிரி, முழங்கால் 90 டிகிரி, முழங்கை 90 டிகிரி. முதுகு சுவர் மாதிரி நிற்க வேண்டும். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று படித்திருக்கிறேன். அந்தப் பெல்ட்டை ஏன் விட்டீர்கள்? நாள் முழுக்கப் போட வேண்டும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் உட்காருகிறேன்.

ராக்கோழி | மார்ச் 4, காலை 11.02

வலி போய்விட்டதா சார்?

நேர்முதுகு | மார்ச் 4, மதியம் 1.20

கட்டுக்குள் இருக்கிறது.

தசைநார் | மார்ச் 4, இரவு 9.05

நான் இயன்முறை மருத்துவத்தில் 16 வருடமாக இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியை அப்புறம் பார்க்கலாம், முதலில் சில கேள்விகள்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது, இதில் ஏதாவது உண்டா? எப்படிப் படுத்தாலும் மாறாமல் இரவில் எழுப்பும் வலியா? காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டையாக இருந்து, நடமாட நடமாட இளகுகிறதா? அப்படியானால், அதுவும் சின்ன வயதிலேயே தொடங்கியிருந்தால், மூட்டழற்சி வகையா என்று பார்க்க வேண்டும். கை கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலம் அடக்குவதில் மாற்றம்? மாடி ஏறினால் வலி கூடுகிறதா? மூச்சு முட்டுகிறதா? இதயம், பித்தப்பை இரண்டுமே முதுகில் வலியைக் காட்டக்கூடியவை. திடீரென்று கிழிப்பது மாதிரி நடு முதுகில் வலி வந்தால் எந்த இணைய இழையையும் படித்துக்கொண்டிருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் உங்கள் மேசையை விவரியுங்கள். மவுஸ் எங்கே இருக்கிறது? கண்ணாடி போடுகிறீர்களா, என்ன கண்ணாடி? வலி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்ன மாறியது?

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, இரவு 10.10

நீங்கள் கேட்ட பயங்கரங்கள் எதுவும் இல்லை. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மட்டும் எல்லாம் இருப்பதுபோல் தோன்றியது.

மேசை: பெரிய திரை, அதை நாலு தடிமனான கோப்புகள் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன் (திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன்). எண் பலகை சேர்ந்த நீளமான கீபோர்டு. அதற்கு வலது பக்கம் மவுஸ். கண்ணாடி உண்டு. மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் கிட்டம், அந்தப் படிப்படியாக மாறும் லென்ஸ். அது போட்டு...

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அது போட்டு இரண்டேகால் வருடம் ஆகிறது.

தசைநார் | மார்ச் 6, இரவு 9.40

சரி, இப்போது ஒரு பரீட்சை. நாளைக்கு நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாமல். பத்தில் எட்டுப் பேர் இந்த லென்ஸில் திரையைப் பார்க்கும்போது தாடையைத் தூக்கி, தலையை முன்னால் நீட்டியிருப்பார்கள் என்பது என் அனுபவம். லென்ஸில் திரைத் தூரத்துக்குப் பொருந்துகிற பகுதி நடுவிலும் அதற்குக் கீழும் இருக்கிறது. நீங்களோ திரையைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் தலை அண்ணாந்துதான் ஆக வேண்டும். 'திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில்' என்பது சாதாரணக் கண்ணாடிக்காரர்களுக்கான சூத்திரம். உங்களுக்குத் திரை கீழே இறங்க வேண்டும், கொஞ்சம் மல்லாந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரைத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மவுஸ். எண் பலகை கீபோர்டை வலப்பக்கம் நீட்டிவிடுகிறது. அதையும் தாண்டி மவுஸைப் பிடிக்க உங்கள் கை நாள் முழுக்க வெளியே தொங்குகிறது. கை கனமான சமாச்சாரம். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது கழுத்திலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முதுகுக்கும் விரிந்திருக்கும் தசைகள். பாரம் பெரிதில்லைதான், ஆனால் இறக்கி வைக்கவே இல்லை என்பதில்தான் சங்கடம். 1991இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஹேக் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார். தசையில் சின்ன இழைகள்தான் முதலில் வேலைக்கு எழுகின்றன, கடைசியாகத் தூங்கப் போகின்றன. லேசான வேலை மணிக்கணக்காக நீண்டால் பெரிய இழைகளைக் கூப்பிடுவதே இல்லை, அதே சின்னக் கூட்டம் ஓய்வில்லாமல் மாடாக உழைக்கிறது. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அதற்குச் சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று பெயர். எல்லா வலிக்கும் அது விளக்கம் ஆகாது. ஆனால் விடுமுறையில் ஏன் போகிறது, பதினொரு மணிக்கு ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

தேய்மானம் பற்றி: ஜப்பானில் கழுத்துத் தொல்லை எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்துத் தட்டு (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்) பிதுங்கியிருந்தது. 44 வயதில் தேய்மானம் என்பது நரைமுடி மாதிரி. படத்தில் இருக்கிறது என்பதற்காக அதுதான் வலிக்கிறது என்று ஆகாது.

நேர்முதுகு அவர்களுக்கு: அந்த 27 கிலோ 2014இல் வெளியான ஒரு கணினிக் கணக்கு. மனிதர்கள் கழுத்தில் அளந்தது இல்லை. குனிந்தால் பாரம் கூடும், உண்மை. ஆனால் கழுத்து அதைத் தாங்கத்தான் இருக்கிறது.

நேர்முதுகு | மார்ச் 7, காலை 6.05

அப்படியானால் கூனி உட்காரலாம் என்கிறீர்களா? பள்ளிக்கூடத்திலிருந்து 'நிமிர்ந்து உட்கார்' என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்.

தசைநார் | மார்ச் 7, இரவு 8.50

கூனி உட்காருங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், சாய்ந்து உட்காருங்கள். ஒன்றிலேயே மூன்று மணி நேரம் இருக்காதீர்கள். விறைப்பாக நிமிர்ந்து இருப்பதும் தசைக்கு இன்னொரு ஓயாத வேலைதான். பெல்ட் போட்டால் அது இழுப்பதால் நீங்கள் இழுக்க வேண்டியதில்லை. கழற்றியதும் பழைய கதை.

தட்டச்சுக்காரி | மார்ச் 8, மதியம் 3.30

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், வீட்டிலிருந்து, லேப்டாப்பில். ஆறு வருட வலிக்காரி. சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு: திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரை கண்ணுக்குச் சரியானால் கை தூக்கில் தொங்கும், கை சரியானால் தலை தொங்கும். நான் அதை அகராதிகள் மேல் ஏற்றிவைத்து, தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கினேன். அதில் பாதி வலி குறைந்தது. பாதிதான்.

மீதிப் பாதிக்கு நான் தேடாத இடமில்லை. எல்லோரும் 'நெஞ்சை விரி, நீட்டி மடக்கு' என்றார்கள். நீட்டினேன். பந்தைச் சாக்ஸுக்குள் போட்டு முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து உருட்டினேன். சுகமாக இருக்கும், அரை மணி நேரத்துக்கு. கடைசியில் ஓர் இயன்முறை நிபுணர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'அம்மா, உங்கள் முதுகுத் தசை இறுக்கமாக இல்லை, களைத்துப்போயிருக்கிறது. அதைப் பிசைய வேண்டாம், அதற்குத் தெம்பு வேண்டும்' என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வலிக்கிற இடத்தில் பாரம் தூக்கச் சொல்கிறாரே!

நீளமான ரப்பர் பட்டை ஒன்று கொடுத்தார். அதை மிதித்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்க வேண்டும். அப்புறம் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்க வேண்டும், படகு வலிக்கிற மாதிரி. முதல் நாள் எட்டு முறைக்கு மேல் முடியவில்லை. அவர் சொன்ன கணக்கு இதுதான்: செய்யும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அளவைக் குறை, நிறுத்தாதே. ஆறாவது வாரம்வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஆகியும் முதுகு ஞாபகம் வராததைக் கவனித்தேன்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டிலை ஒழித்துவிட்டு மிகச் சின்ன டம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துதான் ஆக வேண்டும். கைப்பேசியில் மணி அடித்தால் அணைத்துவிடுவேன், தாகத்தை அணைக்க முடியாதே.

தசைநார் | மார்ச் 8, இரவு 9.15

நல்ல ஆளிடம் போயிருக்கிறீர்கள். அந்தப் பக்கவாட்டுத் தூக்கலுக்குச் சோதனை ஆதாரமே இருக்கிறது. டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலக ஊழியர்களைப் பிரித்து, ஒரு குழு தினமும் 2 நிமிடம், ஒரு குழு 12 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று ரப்பர் பட்டைப் பயிற்சி செய்தது. பத்து வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது, சும்மா இருந்த குழுவைவிட. 2011இல் வந்த முடிவு. இரண்டு நிமிடம்! நேரமில்லை என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள்.

நின்றசீர் | மார்ச் 10, காலை 10.30

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நின்றுகொண்டு வேலை பார்க்கும் மேசை வாங்குங்கள். நான் வாங்கி ஒரு மாதம் ஆகிறது.

தட்டச்சுக்காரி | மார்ச் 10, மதியம் 12.10

நானும் வாங்கினேன். முதல் வாரம் நின்றேன். இரண்டாம் வாரம் ஒரு காலில் நின்று, மேசை மேல் முழங்கையை ஊன்றி, கேள்விக்குறி மாதிரி ஆனேன். இப்போது அது துணி காயப்போடும் இடம்.

நின்றசீர் | மார்ச் 10, மதியம் 12.45

கால் வலிக்கிறது என்பதை இப்போதைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ராக்கோழி | மார்ச் 14, இரவு 1.20

ஒரு சந்தேகம். எனக்கு இடது தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் வலி என்றேன் இல்லையா. ஒரு மாதமாக இடது நடுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. தலையை இடப்பக்கம் சாய்த்து மேலே பார்த்தால் சுள்ளென்று கைவரை இறங்குகிறது. பட்டை வாங்கலாமா?

தசைநார் | மார்ச் 14, காலை 7.00

பட்டை இருக்கட்டும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இது கழுத்தில் நரம்பு உரசுகிற ஜாடை. முதுகில் வலிக்கிறது என்பதற்காக முதுகில்தான் கோளாறு என்று இல்லை. கிளவர்ட் என்கிற அறுவை மருத்துவர் 1959லேயே எழுதியிருக்கிறார்: கழுத்துத் தட்டுகளைத் தூண்டிப் பார்த்தால் நோயாளிகள் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வலிக்கிறது என்கிறார்கள்.

அதுவரை ஒன்றைக் கவனியுங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ, நடக்கும்போது கால் பின்னினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள்.

ராக்கோழி | மார்ச் 14, காலை 7.40

பொத்தான் போட்டுப் பார்த்தேன். ஆறு சட்டை. எல்லாம் சரியாக விழுகிறது. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

மாத்திரைப்பெட்டி | மார்ச் 16, இரவு 8.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வலி வந்தால் டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறேன். வாரத்தில் நாலைந்து நாள். தப்பா?

தசைநார் | மார்ச் 16, இரவு 9.30

மருந்து என் துறை இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். சில நாள் முட்டுக் கொடுக்க வேறு, மாதக்கணக்கில் வாரம் ஐந்து நாள் என்பது வேறு. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம் பழைய விஷயம்தான், பதினைந்து நிமிடம் வைத்தால் உங்களுக்குப் பழுதில்லை.

கணக்குப்பிள்ளை | மார்ச் 29, இரவு 10.55

மூன்று வார அறிக்கை.

படம் எடுத்துப் பார்த்தேன். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறேன். கோப்புகளைத் திரைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் ஒரே நாளில். எழுத்து பளிச்சென்று தெரிந்தபோது கொஞ்சம் அழுகையே வந்தது. இரண்டு வருடம் காகிதக் கட்டுக்காக அண்ணாந்திருக்கிறேன்.

எண் பலகை இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. அதனால் மவுஸை இடக்கைக்கு மாற்றினேன். முதல் நாள் ஒரு செல்லைத் தேர்ந்தெடுக்கப் போய் மூன்று வரிசையை அழித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மவுஸ் பழுதா என்று கேட்டார்.

பட்டைப் பயிற்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அலுவலகத்தில் ஒரு சின்ன அறையின் கதவுக் கைப்பிடியில் பட்டையை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளித் திறந்தார். நான் பின்னால் போய் நாற்காலியோடு உட்கார்ந்தேன். என் பக்கம் திறக்காத கதவாகப் பார்த்து மாட்டுங்கள், பூட்டிக்கொள்ளுங்கள்.

வலி? உண்மையைச் சொன்னால் கூடியிருக்கிறது. தோள் முழுக்க அசதி. அந்தக் கட்டைவிரல் இடம் கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

தட்டச்சுக்காரி | மார்ச் 29, இரவு 11.20

மூன்றாவது வாரம் நானும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறேன், நோட்டில் இருக்கிறது. 'இந்தப் பட்டையை ஜன்னல் வழியாக எறியப் போகிறேன்.' மறுநாள் காலை எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 30, காலை 7.10

காலையில் பழைய அளவுதான்.

தட்டச்சுக்காரி | மார்ச் 30, காலை 7.25

அப்போது தொடருங்கள். பட்டை கனமென்றால் ஓர் அடி நீளம் விட்டுப் பிடியுங்கள், இழுப்பு குறையும்.

சும்மாஇருப்பவன் | ஏப்ரல் 4, மாலை 5.45

எல்லோரும் தசை, திரை என்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். என் தோள் எப்போது காதுவரை ஏறுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். ஒரே ஓர் ஆளிடமிருந்து மின்னஞ்சல் வரும்போது. பெயரைப் பார்த்ததும் மூச்சு நெஞ்சின் மேல்பக்கத்தில் நின்றுவிடுகிறது, தோள் ஏறிவிடுகிறது, பல் கடிக்கிறது. படித்து முடித்த பிறகும் இறங்குவதில்லை. இப்போது அந்தப் பெயர் வந்தால் முதலில் நீளமாக ஒரு மூச்சு வெளியே விட்டு, தோளைத் தொப்பென்று போட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். ஆள் மாறவில்லை. மின்னஞ்சலும் அதே மாதிரிதான் இருக்கிறது.

தசைநார் | ஏப்ரல் 4, இரவு 9.10

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தூக்கமும் சேர்த்து. நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறவரின் அதே முதுகு, ஏழு மணி நேரம் தூங்கினால் வேறு முதுகு. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் நரம்பு மண்டலமே கொஞ்சம் உஷாராகிவிடுகிறது. சின்னச் சத்தத்துக்கும் குரைக்கிற நாய் மாதிரி. 'தேய்மானம்' என்று படித்ததும் வலி கூடியது என்று கணக்குப்பிள்ளை எழுதினாரே, அது கற்பனை இல்லை. நாய் நிஜமாகவே குரைத்தது.

நேர்முதுகு | ஏப்ரல் 6, காலை 6.20

நாலு நாளாகப் பெல்ட் போடவில்லை. வித்தியாசம் எதுவும் இல்லை. அதாவது, போட்டபோதும் இதே அளவுதான் இருந்தது. யோசிக்கிறேன்.

ராக்கோழி | மே 2, இரவு 12.35

கழுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புக்கு நடுவே தட்டு பிதுங்கி நரம்பு வேரில் உரசுகிறது. தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை, கையில் பலம் குறையவில்லை. 'பிதுக்கம் பலருக்கும் இருக்கும், ஆனால் உங்களுக்கு வலி, மரத்துப்போகும் விரல், படம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன' என்றார் டாக்டர். ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும், பெரும்பாலும் அறுவை இல்லாமலே அடங்கிவிடும் என்றார். இரவு ஒரு மணிக்குப் படுக்கையில் கவிழ்ந்து லேப்டாப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். (இது மேசையில் உட்கார்ந்து எழுதுவது.) எறும்பு ஊர்வது இப்போது விரல் நுனியில் மட்டும்தான். தசைநார் அண்ணாவுக்கு நன்றி. நான் பட்டை வாங்கி இழுத்துக்கொண்டிருப்பேன்.

நின்றசீர் | மே 3, காலை 9.00

கால் வலிக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் மட்டும் நிற்கிறேன், அது நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 11, இரவு 9.30

ஐந்து மாதம் ஆயிற்று. இழையைத் தொடங்கிவிட்டு ஓடிப்போனவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பதினொரு மணி விரல் இப்போதெல்லாம் நாலு மணிக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதே இல்லை. பட்டையில் பச்சையிலிருந்து அதைவிடக் கனமான நீலத்துக்குப் போயிருக்கிறேன். பயிற்சி வாரம் ஐந்து நாள் என்று சொன்னாலும் நிஜத்தில் மூன்றரை. தனிக் கண்ணாடி ஒன்றும் செய்துகொண்டேன், திரைக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தால் தரை நீந்துகிறது, அதனாலேயே மேசையில் கழற்றி வைத்துவிட்டு எழ வேண்டியிருக்கிறது.

ஜூன் கடைசியில் கணக்கு முடிக்கும் நெருக்கடி. பன்னிரண்டு மணி நேரம், தொடர்ந்து ஒன்பது நாள். வலி முழுசாகத் திரும்பி வந்தது, திருப்புளி உள்பட. முன்பு என்றால் எக்ஸ்ரே உறையைத் தேடியிருப்பேன். இந்தத் தடவை ஒத்தடம் வைத்தேன், பட்டையை லேசாக இழுத்தேன், நெருக்கடி முடியும்வரை பல்லைக் கடிக்காமல் இருக்கப் பார்த்தேன். ஜூலை இரண்டாம் வாரம் அதுவே அடங்கியது.

சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் கதவு நிலையில் நான் உரசும் இடத்தில் பெயின்ட் வழுக்கை விழுந்திருந்தது. போன வாரம் அதைப் பூசினேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி | ஆகஸ்ட் 12, காலை 8.15

நான் டாக்டரைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. உங்களிடம் ஒரே கேள்வி: இடக்கை மவுஸ் பழக எத்தனை நாள் ஆயிற்று?

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 12, காலை 8.40

பத்து நாள். அமைப்பில் போய்ச் சுட்டியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் மூன்று நாள் முக்கியமான கோப்பு எதையும் திறக்காதீர்கள்.